மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை

1

மஸ்கட்டில் எனக்கு வேலை, செத்துப்போன டெலிபோன்களை எழுப்புவது. காலை ஆறரைக்குக் கம்பெனி ஆபீசில் புகார்ச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு, பிக்கப் வண்டியின் மேல் ஏணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், மதியத்துக்குள் பத்துப் பன்னிரண்டு வீடு பார்த்துவிடுவேன். பாதிப் புகார் வெறும் கவனக்குறைவு. குழந்தை ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கும். கட்டிலை நகர்த்தும்போது ஒயரை நசுக்கியிருப்பார்கள். இதற்கா இந்த வெயிலில் வரச் சொன்னீர்கள் என்று தமிழில் திட்டிவிட்டு, ஆங்கிலத்தில் சிரித்துவிட்டு வருவேன்.

போன வாரம் ரூவியில் ஒரு பிளாட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா. நான் தமிழ் என்று தெரிந்ததும் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். "ரெண்டு நாளா போன்ல சத்தமே இல்லண்ணா. அங்க எங்கப்பாவ ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. சரியாயிடுங்களா?" என்று மூன்று தடவை கேட்டார். சுவர்ப் பெட்டிக்குள் ஒரு கம்பி களிம்பு பிடித்து அறுந்திருந்தது. பத்து நிமிஷ வேலை. சத்தம் வந்தவுடன் அந்தம்மா என்னை மறந்துவிட்டார். அவசரத்தில் விரல் டயலில் இரண்டு முறை வழுக்கியது.

கீழே வந்து வண்டியில் உட்கார்ந்தவன் அடுத்த சீட்டை எடுக்காமலே இருந்தேன். டிரைவர் பாகிஸ்தான் பட்டாணியர். என்ன ஆயிற்று என்று கேட்டார். வெயில் என்றேன். வெயில் இல்லை. போன வருஷம் எனக்கும் இப்படி ஒரு இரண்டு நாள் இருந்தது. அதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஊரில் இருப்பவர்கள் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் இப்போது எழுதுகிறேன். என் அண்ணன் படித்தாலும் படிக்கட்டும்.

2

எங்கள் ஊர் மொரப்பூரிலிருந்து இரண்டு மைல். மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில் அண்ணன் கோவிந்தன் புளி மண்டி வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து இருந்த ஒரே போன் அந்த மண்டியில்தான். அதற்கு மனு எழுதிக் கொடுத்தவனே நான். அப்போது டெலிபோன் வேலையில் தினக்கூலியாகக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தேன். நல்லம்பள்ளியில் ஆரம்பித்து வத்தல்மலை அடிவாரம் வரைக்கும் கம்பி இழுத்த கூட்டத்தில் நானும் உண்டு. இன்று நிரந்தரமாகும், நாளை நிரந்தரமாகும் என்று ஒன்பது வருஷம் பார்த்தேன். ஆகவில்லை. மஸ்கட்டில் கேபிள் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு ஏஜெண்டு சொன்னதும் கிளம்பிவிட்டேன். அன்றைக்கு என் மகள் பூங்கொடிக்குப் பத்து வயது.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. முதல் லீவில் அவள் என் தோளை விட்டு இறங்கவில்லை. இரண்டாவது லீவில் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பிரயாணம் எல்லாம் நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்கிற கேள்வி அது. நல்லா இருந்துச்சும்மா என்று நானும் விருந்தாளி மாதிரியே பதில் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீரைக் குடிப்பது போலச் சொம்பைத் தூக்கிக்கொண்டேன்.

கடிதங்களும் அப்படித்தான். அன்புள்ள அப்பாவுக்கு, இங்கு அனைவரும் நலம், தங்கள் நலம் அறிய ஆவல். பிறகு பரீட்சை மார்க்கு, மழை பெய்தது, மாடு கன்று போட்டது. என் மனைவி ராஜம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, அடியில் இரண்டு வரி சேர்த்து, ஒட்டித் தபாலில் போடுவார். ஆறு வருஷமாக என் வீட்டை நடத்தியது அவர்தான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

3

அந்த வருஷம் ஆயுத பூஜை ஐப்பசியில் வந்தது. திங்கட்கிழமை. தொழிலாளர்கள் தங்குகிற கேம்பில் நாங்களும் இடுக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் கழுவி வைத்து, சுண்டல் வேகவைத்துக் கொண்டிருந்தோம். அப்போதுதான் கம்பெனி தபால் பை வந்தது. எனக்கு ஒரு கவர். மேலே மகள் கையெழுத்து. ஆனால் தர்மபுரி முத்திரை. அவள் பள்ளிக்கூடம் அங்கேதான்.

உள்ளே நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அன்புள்ள அப்பாவுக்கு என்பது இல்லை. நலம் அறிய ஆவல் இல்லை.

"அப்பா, ஆயுத பூஜ முடிஞ்சு வர புதன்கிழமை காத்தால ஒன்பது மணிக்கு எனக்கு நிச்சயம் பண்றாங்க. நல்லம்பள்ளி மாமா வூட்டுக்கு. பெரியப்பா உங்களுக்கு எழுதிட்டேன்னு சொல்றாரு. நீங்க சரின்னு சொல்லிட்டீங்களா? நான் பன்னெண்டாவது முடிக்கணும். அதுக்கு மேலயும் படிக்கணும். இத நான் எழுதனேன்னு யாருக்கும் சொல்லிடாதீங்க."

பதினோரு நாளுக்கு முன்னால் எழுதியது. அண்ணன் கடிதம் எதுவும் எனக்கு வரவில்லை. அவர் பொய் சொல்கிறவர் இல்லை, எழுதித்தான் இருப்பார். வழியில் எங்கேயோ கிடக்கிறது. புரட்டாசி போய் ஐப்பசி பிறந்து வருகிற முதல் நல்ல நாள் அந்தப் புதன். மாமா என்றால் ராஜம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அவர் மகன்தான் மாப்பிள்ளை, அவனையும் எனக்குத் தெரியும். கெட்டவன் இல்லை. ஆனால் இவளுக்கு வயது பதினாறு. அவள் கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. நீங்க சரின்னு சொல்லிட்டீங்களா?

சுண்டலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

4

கேம்ப் போனில் வெளியே பேச முடியாது. வெளிநாட்டுக்குப் பேச வேண்டுமானால் பெரிய தபால் ஆபீசுக்குப் போய், பாரம் மூன்று காப்பி எழுதி, குடியிருப்பு அட்டையைக் காட்ட வேண்டும். என் அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அதற்குப் பதிலாகக் கம்பெனி கொடுத்த சீட்டைக் காட்டினேன். கவுண்டரில் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது அட்டை இல்லை, அட்டை வரப்போகிறது என்கிற சீட்டு, அட்டை வந்ததும் வா என்றார். எனக்குத் தெரிந்த அரபியில் காரணம் சொல்லப் பார்த்தேன். மகள் என்பதற்கு வார்த்தை தெரியும். கல்யாணம் என்பதற்கும் தெரியும். நிறுத்த வேண்டும் என்பதற்குத் தெரியவில்லை. அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கி, மப்ரூக், வாழ்த்துகள் என்றார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

தந்திக்கு அட்டை கேட்கவில்லை. நிச்சயத்தை நிறுத்துங்கள் என்று ஒன்று அடித்தேன். ஊரில் பூஜை விடுமுறை. அது வியாழக்கிழமைதான் போய்ச் சேரும் என்று அடிக்கும்போதே தெரியும்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு எக்ஸ்சேஞ்சுக்கே போனேன். அங்கே வெளிநாட்டு லைனில் லீலாம்மா என்று ஒரு மலையாளி ஆபரேட்டர். வேலை விஷயமாகத் தினமும் பேசுகிற பழக்கம். சொந்தக் கால் போடக் கூடாது என்பது சட்டம். கடிதத்தை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தேன். அவர்களுக்குத் தமிழ் படிக்க வராது. நானே படித்துக் காட்டினேன். என் பேரில் ஒரு சீட்டு எழுதிக்கொண்டு பம்பாயைக் கூப்பிட்டார்கள்.

பம்பாய் கிடைத்தது. மெட்ராஸ் கிடைத்தது. தர்மபுரி, மொரப்பூர், மண்டி. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அரை மணி கழித்து மறுபடி. அதே கதை. ஐந்து தடவை.

விஜயதசமி அன்று அண்ணன் மண்டியைப் பூட்டி வைக்கவே மாட்டார். மறுபூஜை போட்டுப் புது வியாபாரம் தொடங்குகிற நாள். போன் அவர் உட்காருகிற மேசை மேலேயே இருக்கிறது. பக்கத்தில் மணி அடிக்க அடிக்க எடுக்காமல் இருக்க அவர் என்ன கல்லா? ஒருவேளை வீட்டில் ஏதாவது நடந்துவிட்டதா? பூங்கொடி ஏதாவது செய்துகொண்டாளா? அந்த நினைப்பு வந்த பிறகு எனக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"அண்ணா, மற்றவரோட போனானெங்கில் நீங்க என்ன செய்யும்?" என்று கேட்டார்கள் லீலாம்மா.

மற்றவர் போன் என்றால் என்ன செய்வேன். லைனைப் பாதியில் வெட்டிப் பார்ப்பேன். இந்தப் பாதி நன்றாக இருந்தால் கோளாறு அந்தப் பாதியில். அதையும் பாதியாக்குவேன். பயத்தில் என் தொழிலே எனக்கு மறந்து போயிருந்தது. "மண்டி வேண்டாம். மொரப்பூர் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டரையே குடுங்க" என்றேன்.

எடுத்தவர் ஷரீப் பாய். என்னோடு கம்பம் நட்டவர். அவருக்கு வேலை நிரந்தரமாயிற்று.

"பாய், நான் மாதுங்க. மஸ்கட்ல இருந்து."

"கம்பம் மாதுவா? என்னாப்பா, கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குது."

"எங்கண்ணன் மண்டிக்கு மணி போவுதுங்களா?"

"காத்தால இருந்து போவுது. எடுக்கத்தான் ஆளக் காணோம். சேலத்துப் பார்ட்டிங்க என்னைய திட்டறாங்க."

"மண்டி தொறந்திருக்குதுங்களா? வூட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா?"

"நல்லாத்தான் இருக்காங்க. உங்கண்ணன் பூஜைப் பொரி குடுத்தனுப்பி, இப்பதான் தின்னு முடிச்சேன். எப்பவும் போல அவரு கையி தாராளம்."

அவர் கை தாராளம் என்று கேட்டதும் எனக்கு உறைத்தது. ஆயுத பூஜை என்றால் அண்ணன் ஒன்றையும் விடமாட்டார். தராசு, படிக்கல், கோணி ஊசி, கணக்கு மேசை, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தொழிலுக்கு உதவுகிற போனை மட்டும் விடுவாரா? ரிசீவர் உட்காருகிற இடத்தில் இரண்டு பொத்தான் இருக்கும். எடுத்தால் அவை மேலே எழும்ப வேண்டும். அப்போதுதான் மணி நின்று குரல் வரும். சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பி, மேலே ரிசீவரையும் வைத்து, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டால் பொத்தான் எப்படி எழும்பும்? இவர் எடுத்து அலோ அலோ என்று கத்திக்கொண்டிருப்பார், மணி பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும்.

சொன்னதும் ஷரீப் பாய் சிரித்தார். "அட, சாமி கும்பிட்டே போன அடைச்சிட்டாரா?"

"பாய், இப்பவே போயி சரிபண்ணிக் குடுங்க."

"போர்ட விட்டு எந்திரிக்க முடியாதேப்பா. ஆறு மணிக்குத்தான் ஆளு மாறும்."

ஆறு மணிக்கு அண்ணன் மண்டியைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார். மறுநாள் ஒன்பது மணிக்குத் தட்டு மாற்றுவார்கள். "என் பொண்ணு வாழ்க்கைங்க பாய்" என்றேன்.

"சரி. மாத்த வரவர கொஞ்சம் முன்னாடியே வரச் சொல்றேன். தண்ணி ஊத்திக் கழுவட்டுமா?"

"ஐயோ, ஊத்திடாதீங்க. ஈரத்துணில தொடச்சு, தீக்குச்சில சுரண்டுங்க. ரெண்டு பொத்தானும் எழும்பணும்."

5

எங்கள் கடிகாரம் ஊரைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். நாலேகால் வரைக்கும் எக்ஸ்சேஞ்ச் நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாற்று ஆள் வந்தாரா, பாய் சைக்கிளில் காற்று இருக்கிறதா, அண்ணன் இன்றைக்கென்று சீக்கிரம் பூட்டிவிட்டாரா. லீலாம்மா தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேனா என்று நினைவில்லை.

நாலரைக்குச் சற்று முன் மறுபடி மண்டியைப் போட்டோம், மணி இரண்டே தடவை அடித்தது.

"அலோ, மாதுவா?" அண்ணன் குரல். "டேய், இந்தப் போனு எடுத்தாலும் நிக்காம அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு. பாய் வந்து தீக்குச்சி வெச்சு நோண்டி சரிபண்ணாரு. எப்பிடிடா இருக்க? உன் சம்சாரமும் பாப்பாவும் இங்கதான் இருக்காங்க. ஜவுளி எடுக்க வந்தாங்க."

"அண்ணா, நாளைக்கு நிச்சயம் வேண்டாங்க."

கடல் சத்தம் போல ஒரு இரைச்சல் மட்டும் கேட்டது.

"என் லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சுங்க" என்றேன். லெட்டர் வந்தது பொய் இல்லை. எந்த லெட்டர் என்று மட்டும் நான் சொல்லவில்லை.

"அப்பறம் என்னா?"

"அவ படிக்கட்டுங்கண்ணா."

"கல்யாணத்துக்கு அப்பறமும் படிக்க வெக்கறோம்னு அவங்க வாய்விட்டுச் சொன்னத அதுலயே எழுதியிருந்தனே. படிக்கலியா நீ?"

படிக்காத கடிதத்தைப் படித்ததாகச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

"உனக்கு என் லெட்டரு வரல" என்றார் அண்ணன். குரல் இறங்கிவிட்டது. கத்தினால்கூடத் தாங்கியிருப்பேன். "வேற எவனோ எழுதியிருக்கான். ஆறு வருஷமா உன் வூட்டுக்கு ஆம்பள நான். பாப்பாவுக்கு மஞ்சக்காமால வந்தப்ப தர்மபுரிக்குத் தூக்கிட்டு ஓடனது நான். என் முதுகுக்குப் பின்னால உனக்கு எழுதறவன் யாரு? பேரச் சொல்லு."

"யாரும் எழுதலீங்கண்ணா. எனக்கே தோணுச்சு."

"மஸ்கட்ல இருக்கறவனுக்கு மொரப்பூர்ல நாளைக்கு நடக்கறது கனவுல தோணுச்சா? பேரச் சொல்லுடா."

சொல்லக் கூடாது. அவள் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது ரிசீவருக்கு வெகு தூரத்தில், சாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்திலிருந்து, ஒரு குரல் கேட்டது.

"நான்தான் எழுதனேன் பெரியப்பா."

அது என் மகள் குரல் என்று எனக்கு உடனே தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் அவ்வளவு மாறியிருந்தது.

யாரோ ரிசீவரைப் பிடுங்கினார்கள். ராஜம்மா. "என்னாங்க இது? நாளைக்கு எங்கண்ணன் வூட்டாளுங்க வந்து நின்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிக்கறது? நீங்க அங்க இருந்துக்கிட்டு ஒரு வார்த்தைல வேண்டாம்னு சொல்லிருவீங்க. இங்க இருக்கறவ நானு."

"ராஜம்மா, யாரும் புள்ளைய அடிக்காதீங்க. எதுவா இருந்தாலும்..."

அவ்வளவுதான். பம்பாய் லைன் விட்டுப்போயிற்று. லீலாம்மா தன் வேலை நேரம் முடிகிறவரை முயன்று பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

6

புதன்கிழமை ஒன்பது மணிக்கு, அதாவது எங்கள் ஏழரைக்கு, நான் ஒரு கம்பத்தின் மேல் இருந்தேன். அன்றைக்கு எட்டு வீடு பார்த்தேன். எட்டு வீட்டிலும் போன் பேசியது. தட்டு மாற்றினார்களா இல்லையா என்று எனக்குத் தெரிய பதிமூன்று நாள் ஆயிற்று.

நடுவில் அண்ணனின் கடிதம் வந்தது. கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கவைப்பார்கள் என்பது அதில் இருந்தது. அந்த வரிக்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தார். எனக்கு அந்த ஒரு வரி பெரிதாகப் படும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு பூங்கொடியின் கடிதம். "அன்னிக்கு சாயங்காலமே பெரியப்பா பஸ் ஏறி நல்லம்பள்ளிக்குப் போயி நிச்சயம் இல்லேன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. அங்க என்னா பேசனாங்கன்னு யாருக்கும் தெரியாது. வந்து சாப்பிடல. என்னைய யாரும் அடிக்கல. நான் ஸ்கூலுக்குப் போறேன். பெரியப்பா எங்கூட பேசறதில்ல. அம்மா உங்க பேச்ச எடுக்கறதில்ல."

குடியிருப்பு அட்டை வந்ததும் பெரிய தபால் ஆபீசிலிருந்து மண்டிக்குக் கால் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். லைன் அவ்வளவு சுத்தம், பின்னால் தராசுச் சங்கிலி ஆடுவதுகூடக் கேட்டது. "அண்ணா" என்றேன். ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் மெதுவாகத்தான் வைத்தார். நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவர் தனியாக பஸ் ஏறிப்போன அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

எனக்கு வரவேண்டிய லீவு தள்ளிப்போய்விட்டது. இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை பூங்கொடி மொரப்பூர் தபால் ஆபீசுக்கு வந்துவிடுகிறாள். நான் அவள் பேருக்குக் கால் போடுகிறேன். மூன்று நிமிஷம். ஆரம்பத்தில் இருவருக்கும் பேச வராது. இப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் மின்சாரம் வந்திருக்கிறதாம். என்னிடம் சந்தேகம் கேட்கிறாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததற்கு, வாத்தியாரைக் கேளம்மா என்கிறேன். தனியாகத்தான் வருவாள். ராஜம்மா ஒரு வருஷமாக ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்ததில்லை, ஒரு தடவை போனுக்கு வந்ததில்லை.

போன மாதம் எடுத்ததுமே பூங்கொடி குரலை அடக்கிக்கொண்டு பேசினாள். "அப்பா, அம்மா வந்திருக்காங்க."

"குடும்மா."

"பேச மாட்டாங்களாம். தொணைக்குத்தான் வந்தேன்னு சொல்றாங்க. பெஞ்சில உக்காந்திருக்காங்க."

"ரிசீவர அவங்க காதுகிட்ட வையி."

ஒயர் இழுபடுகிற சத்தம். வளையல் சத்தம். பிறகு மூச்சு. "ராஜம்மா" என்றேன். உடம்பு எப்படி இருக்குது என்றேன். மழை உண்டா என்றேன். உங்கண்ணன் வூட்ல இப்ப பேசறாங்களா என்றேன். பெத்தவன் நான் சொல்லாம வேற யாரு சொல்றது, ஆனா சொன்ன விதம் தப்புதான், உன்னைத்தான் முதல்ல கேட்டிருக்கணும் என்றேன். எதற்கும் பதில் இல்லை. ரிசீவரை மட்டும் அவள் விலக்கவில்லை.

"அண்ணா, மூணு நிமிஷம் ஆயி" என்று நடுவில் வந்தார்கள் லீலாம்மா. "ஆ சைடில் ஆரும் பேசலை. வெச்சிடட்டே?"

"வெக்காதீங்க" என்றேன். "இன்னும் மூணு நிமிஷம் போடுங்க."